கொபீர் என்றால் ஆழம்

கொல்கத்தாவில் பெஹாலா சௌரஸ்தாவிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் என் அக்கா வீடு. பெரியம்மா மகள், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் நான் அங்கே போயிருந்தபோது அத்தானுக்கு இடது கால் வீங்கிக் கிடந்தது. கணுக்கால் எலும்பில் விரிசல் விழுந்து மூன்று வாரம் மாவுக்கட்டோடு படுத்திருந்தவர். கட்டைப் பிரித்த பிறகும் கெண்டைக்காலும் தொடையும் இறுகிக் கனத்தன. ஐந்து நாளுக்கு முன் ஓரிடத்தில் எடுத்த டாப்ளர் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வீக்கம் வடியாததால் வேறோர் இடத்தில் மறுபடியும் எடுத்தோம்.

அறிக்கையை முதலில் படித்தவள் அக்கா. அவளுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். சூப்பர்ஃபிஷியல் ஃபெமரல் வெயின் இரட்டையாக இருக்கிறது, அவற்றில் ஒன்றில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்பது அதன் சாரம். அக்கா பெருமூச்சு விட்டாள். “பயப்பட ஒண்ணுமில்லடா. மேலாப்புலதான் கட்டியிருக்காம்” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சூப்பர்ஃபிஷியல் என்றால் மேலோட்டமானது. அகராதி பார்க்க வேண்டிய சொல்லா அது? டாக்டரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து டீ போட்டோம்.

எதிர்வீட்டு மாஷிமா அந்த நேரத்தில் வந்தார். மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தாளை வாங்கிப் பார்த்தவர் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். “கொபீர்” என்றார். எங்களுக்குப் புரியவில்லை என்று நினைத்தோ என்னவோ, இன்னும் அழுத்தி, “கொபீர் ஷிரா” என்றார். ஆழத்தில் ஓடும் சிரை. அரைமணியில் டாக்ஸி வந்தது. அன்றிரவே அத்தானுக்கு உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி தொடங்கிவிட்டார்கள்.

அந்த இரவிலிருந்து இந்தப் பெயர் என்னை விடவில்லை. ஆழத்தில் ஓடுவதற்கு மேலோட்டம் என்று யார் பெயர் வைத்தார்கள்? ஏன் வைத்தார்கள்?

முதலில் மாஷிமாவின் சொல்லிலிருந்து தொடங்குகிறேன், அது நம் வீட்டுச் சொல்லும்கூட. வங்காளிகள் அகரத்தைப் பல இடங்களில் ஒகரமாக ஒலிப்பார்கள். வடமொழியின் ‘கபீர’ அவர்கள் வாயில் கொபீர் ஆகிவிடுகிறது. அதே சொல்லின் மூக்கொலி சேர்ந்த வடிவம் ‘கம்பீர’. தமிழுக்கு வந்து கம்பீரம் ஆனது அதுதான். வடமொழியில் அதன் முதற்பொருள் ஆழம். ஆழ்ந்த நீர், ஆழ்ந்த குரல், ஆழ்ந்த குணம் என்று பொருள் விரிந்தது. நம்மிடம் வந்து சேர்ந்தபோது நீர் வடிந்துபோய், குரலும் நடையும் தோற்றமும் மட்டும் நின்றன. கம்பீரமான யானை என்கிறோம். கம்பீரமான கிணறு என்று யாரும் சொல்வதில்லை. வங்காளி இன்றைக்கும் காட்டையும் இரவையும் நீரையும் கொபீர் என்றே சொல்கிறான்.

ஒரு சொல் மொழி விட்டு மொழி போகும்போது பொருள் நகர்வது இயல்பு. சூப்பர்ஃபிஷியல் ஃபெமரல் வெயினின் கதை அப்படிப்பட்டதல்ல. ஒரே மொழிக்குள், ஒரே தொழிலுக்குள், ஒரே சொல் இரண்டு அளவுகோல்களில் வைக்கப்பட்டதால் வந்த விபத்து அது.

காலில் சிரைகள் இரண்டு அடுக்காக இருக்கின்றன. தோலுக்கும், தசைகளைப் போர்த்தியிருக்கும் கெட்டியான உறைக்கும் இடையில் ஓடுபவை மேற்சிரைகள். வயதானவர்கள் காலில் பச்சையாகப் புடைத்துத் தெரிவன இவையே. அந்த உறைக்கு உள்ளே, தசைகளுக்கு நடுவில், தமனியை ஒட்டிக்கொண்டு ஓடுபவை ஆழ்சிரைகள். காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில் பெரும்பங்கைச் சுமப்பவை ஆழ்சிரைகள்தான். மேற்சிரையில் ரத்தம் உறைந்தால் வலியும் சிவப்பும் இருக்கும். ஆபத்து பொதுவாகக் குறைவு. ஆழ்சிரையில் உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு கிளம்பினால் இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய் அங்கே அடைக்கும். நேற்றுவரை நன்றாக இருந்த மனிதர் கழிவறைக்குப் போய்த் திரும்புவதற்குள் விழுந்துவிடுவது இப்படித்தான்.

கெண்டைக்காலின் ஆழ்சிரைகள் முழங்காலின் பின்குழியில் கூடுகின்றன. அங்கிருந்து ஒரு பெரிய சிரை தொடைக்குள் ஏறிக் கவட்டையை நோக்கிப் போகிறது. கவட்டைக்குச் சற்றுக் கீழே, தொடைத் தசைகளின் ரத்தத்தைக் கொண்டுவரும் இன்னொரு சிரை அதனோடு சேர்கிறது. அந்த இரண்டாவது சிரை தொடை எலும்பை ஒட்டி இன்னும் உள்ளே கிடப்பது. அதற்கு லத்தீனில் ‘புரோஃபண்டா’ என்று பெயர். ஆழமானது என்று பொருள். அது ஆழமானது என்றால், அதோடு ஒப்பிட மற்றது மேலானது. தமனிகளைப் பிரித்துச் சொல்ல அறுவை மருத்துவர்களுக்கு இந்த ஜோடிப் பெயர் வசதியாக இருந்தது. தமனிக்கு வைத்த பெயர் பக்கத்தில் ஓடும் சிரைக்கும் ஒட்டிக்கொண்டது. தமனியில் அதனால் கெடுதல் இல்லை. சிரையில்தான் மேல், ஆழம் என்ற சொற்களுக்கு ஏற்கெனவே வேறொரு பொருள், உயிர்போகும் பொருள், இருந்தது.

நம் உறவுமுறையை வைத்துப் பார்த்தால் இது உடனே விளங்கும். சின்னம்மா என்று நாம் கூப்பிடுகிறவருக்கு எழுபது வயது இருக்கலாம். அவர் ‘சின்ன’ ஆனது பெரியம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பதால். மற்றபடி அவரும் பாட்டிதான். குடும்பத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. குடும்பத்தைத் தெரியாத ஒருவரிடம் ‘சின்னம்மா ஸ்டேஷனுக்கு வருகிறார், அழைத்து வா’ என்று சொல்லி அனுப்பினால் அவர் இளம்பெண்ணைத் தேடிக்கொண்டு நிற்பார். தொடைக்குள் ஓடும் அந்தச் சிரை, புரோஃபண்டா என்ற பெரியம்மாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மட்டும் சின்னம்மா.

உடற்கூற்றியல் அறிஞர்கள் ஒப்புக்கொண்ட அதிகாரபூர்வமான பெயர்ப்பட்டியலில் ‘சூப்பர்ஃபிஷியல் ஃபெமரல் வெயின்’ என்ற பெயரே கிடையாது. அங்கே அது வெறும் ‘வேனா ஃபெமொராலிஸ்’, தொடைச்சிரை. அடைமொழி மருத்துவமனைகளில் முளைத்து, ஸ்கேன் அறைகளில் செழித்து, அறிக்கைகளில் அச்சாகிவிட்டது.

இதன் விலை என்ன என்று அமெரிக்காவில் வார்னர் பண்டன்ஸ், ஜான் பெர்கன் முதலியோர் ஆராய்ந்து, 1995-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார்கள். உயிரைப் பறிக்கக்கூடிய பெயர்ப்பிழை என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். பொது மருத்துவர்களிடம் அவர்கள் கேட்டது எளிய கேள்வி: இந்தச் சிரையில் புதிதாக ரத்தம் உறைந்திருக்கிறது என்று அறிக்கை வந்தால், உறைவைத் தடுக்கும் மருந்து கொடுப்பீர்களா? கொடுப்பேன் என்றவர்கள் கால் பங்குக்கும் குறைவு. மற்றவர்கள் என் அக்காவைப் போலவே படித்திருந்தார்கள். மருத்துவம் படித்த ஆங்கிலமொழிக்காரர்களே தடுக்கி விழுந்த இடத்தில், பெஹாலாவில் சமையலறை மேசையில் அறிக்கையைப் பிரித்த ஒரு தமிழ்ப்பெண் தடுக்கி விழுந்ததில் வியப்பென்ன? பழி அவள்மேல் இல்லை, சொல்லின்மேல்தான்.

பெயரை மாற்றும் வேலை 2001-இல் ரோமில் நடந்தது. அனைத்துலகச் சிரையியல் ஒன்றியத்தின் பதினான்காவது உலக மாநாட்டை ஒட்டி, உடற்கூற்றியலாரும் சிரை மருத்துவர்களும் கூடிக் காலின் சிரைகளுக்கு ஒரே சீரான பெயர்கள் வகுத்தார்கள். ஆல்பர்ட்டோ காஜியாட்டியை முதல் ஆசிரியராகக் கொண்ட அந்த அறிக்கை 2002-இல் வெளியானது. தொடைக்குள் ஓடும் இந்தச் சிரை இனி ஃபெமரல் வெயின் மட்டும். சூப்பர்ஃபிஷியல் என்ற அடைமொழி வேண்டாம் என்றது அது.

அதே 2001-இன் முதல் நாள்தான் கல்கத்தா, அதிகாரபூர்வமாகக் கொல்கத்தா ஆனது. நம் சென்னை அதற்கு ஐந்து ஆண்டு முந்திக்கொண்டது. ஆனாலும் கல்கத்தா உயர் நீதிமன்றமும் கல்கத்தா பல்கலைக்கழகமும் பழைய பெயரோடேயே நிற்கின்றன. மெட்ராஸ் ஐகோர்ட்டும் அப்படித்தான். பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதால் வழக்குக்கு வந்த யாரும் வழி தவறிவிடவில்லை. ஆகவே நகரங்களின் பழைய பெயர்களிடம் எனக்குப் பகை இல்லை. இந்தச் சிரையின் பழைய பெயரிடம் பகை உண்டு. ரோமில் தீர்மானம் எழுதி இருபது ஆண்டுக்கு மேல் ஆகியும் அது கணினியின் அறிக்கைப் படிவங்களில் குந்தியிருக்கிறது. மருத்துவர் படிவத்தைத் திறக்கிறார். வரிசையாகச் சிரைகளின் பெயர்கள் ஏற்கெனவே அச்சாகியிருக்கின்றன. பக்கத்தில் அடைப்பு உண்டு, இல்லை என்று நிரப்புகிறார். யாரோ ஒருவர் என்றோ தட்டச்சு செய்த பெயர் அப்படியே நோயாளியின் கைக்குப் போகிறது.

இனி அந்த ‘இரட்டை’க்கு வருகிறேன். முதல் ஸ்கேனில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

ஆழ்சிரையில் உறைவு இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்கும் முறை அழகானது, எளியது. சிரையின் சுவர் மெல்லியது. ஸ்கேன் கருவியின் தலையால் தோலை அழுத்தினால் உள்ளே சிரை நசுங்கி, வட்டமாகத் தெரிந்தது கோடாகி மறையும். தமனி நசுங்காது. ரத்தம் உறைந்த சிரையும் நசுங்காது. கவட்டையில் தொடங்கி விரற்கடை விரற்கடையாக அழுத்திக்கொண்டே முழங்காலுக்குப் பின்னால் வரை இறங்க வேண்டும். அதற்குமேல் டாப்ளர் ஓட்டத்தைக் காட்டும். டாப்ளர் என்பதும் ஆள் பெயர்தான்: ஆஸ்திரியரான கிறிஸ்டியான் டாப்ளர். 1842-இல் அவர் எழுதியது இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றி. இரட்டைக்கும் நிறத்துக்கும் தொடங்கிய பெயர், திரையில் நிறம் காட்டும் கருவியாகி இரட்டைச் சிரையில் வந்து தடுமாறுவதை அவர் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

தடுமாற்றம் இதுதான். பாடப்புத்தகத்துப் படத்தில் தொடைக்குள் ஒரு தமனி, ஒரு சிரை. நிஜமான தொடைகள் புத்தகத்தைப் பார்த்து வளர்வதில்லை. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து திருவரங்கத்தை நடுவில் வைத்துக்கொண்டு போவதுபோல, பலருக்குத் தொடைச்சிரை நடுவழியில் இரண்டாகப் பிரிந்து தமனியின் இரு பக்கமும் ஓடி மறுபடி கூடுகிறது. கொள்ளிடத்தில் மணல்மேடிட்டு அடைத்துக்கொண்டாலும் காவிரியில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். காவிரிப் பாலத்தில் மட்டும் நின்று பார்க்கிறவன் ஆறு நன்றாக ஓடுகிறது என்று எழுதிவிட்டுப் போவான். ஒரு கிளையைப் பார்த்து, அது நசுங்குகிறது, ஓட்டம் இருக்கிறது என்று திருப்தியடைந்து, அடைத்துக் கிடக்கும் மற்றக் கிளையைத் தேடாமல் விட்டால் அறிக்கையில் ‘இயல்பு’ என்று வந்துவிடும்.

எத்தனை பேருக்கு இப்படி? லண்டனைச் சேர்ந்த குவின்லன், சிது முதலியோர் 404 நோயாளிகளின் இரு கால்களிலும் சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. 808 கால்களில் ஏறத்தாழ 31 சதவீதத்தில் தொடைச்சிரை ஒன்றுக்கு மேல் இருந்தது. முழங்காலின் பின்குழியில் ஒன்றுக்கு மேற்பட்ட சிரை தெரிந்தவை 42 சதவீதம். மூன்றில் ஒரு காலில் இருப்பதை விலக்கு, பிறழ்ச்சி என்றெல்லாம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இரட்டைக் குழந்தை பிறப்பதுபோல் அபூர்வமானது அல்ல இது. வீட்டுக்கு இரண்டு வாசல் இருப்பதுபோல் சாதாரணமானது.

இதைத் தெரிந்த ஸ்கேன் மருத்துவர்கள் கையாளும் ஒரு சின்னக் குறிப்பை மாஷிமா மூலமாகத்தான் முதலில் கேள்விப்பட்டேன். தொடையில் சிரை பெரும்பாலும் பக்கத்துத் தமனியைவிடப் பருமனாக இருக்கும். தமனியைவிடச் சிறியதாகத் தெரிந்தால், இதற்கு ஒரு கூட்டாளி எங்கோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டுத் தேட வேண்டும். சிரையை நீளவாக்கில் பார்ப்பதைவிடக் குறுக்குவாக்கில் வைத்து எண்ணிக்கொண்டே போவது நல்லது. வீக்கம் வடியாமல் நின்றால் ஒரு வாரத்துக்குள் மறுபடியும் ஸ்கேன் எடுக்க வேண்டும். அத்தானைக் காப்பாற்றியது அந்த மறு ஸ்கேன். அதை எடுத்தவர் இரண்டு கிளையையும் பார்த்தார், இரட்டை என்று ஒழுங்காக எழுதினார். அவ்வளவு கவனமாகப் பார்த்தவரின் உழைப்பை ஒரு பழைய பெயர் கிட்டத்தட்ட வீணாக்கியிருக்கும்.

பெயர் தப்பாக வைப்பதில் ஆங்கிலம் மட்டும்தான் குற்றவாளி என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? ரத்தக்கட்டு. கிரிக்கெட் பந்து பட்டுக் கன்றிப்போனாலும் ரத்தக்கட்டு. தொடைச்சிரைக்குள் உறைந்து அடைத்தாலும் ரத்தக்கட்டு. முதலாவதற்கு நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வைத்தியம் உண்டு. மஞ்சளும் உப்பும் புளியும் சேர்த்துப் பற்றுப் போடுவார்கள், தைலம் தடவுவார்கள், சூடு காட்டுவார்கள், நன்றாக நீவி விடுவார்கள். அடிபட்ட கன்றலுக்கு அது இதமாக இருக்கலாம். ஆழ்சிரையில் உறைவு இருக்கும் காலை நீவுவது, கட்டியைப் பிய்த்து நுரையீரலுக்கு அனுப்பிவைப்பதற்கு ஒப்பானது. ஒரே பெயர் இரண்டு நோய்க்கும் இருப்பதால் ஒன்றின் வைத்தியம் மற்றொன்றுக்குக் கைமாறிவிடுகிறது. பெயரைப் பின்தொடர்ந்துதான் கை போகும். ஆங்கிலப் பெயர் டாக்டரின் கையைக் கட்டிப்போட்டது. தமிழ்ப் பெயர் பாட்டியின் கையில் தைலப்புட்டியைக் கொடுக்கிறது. இரண்டில் எது அதிகக் கெடுதல் என்று கேட்டால், நம்முடையது என்றே சொல்வேன்.

‘உறைவு’ நல்ல சொல். பால் உறைவதும் ரத்தம் உறைவதும் தமிழில் ஒரே வினை. மோரை உறை ஊற்றுகிறோம். திரவம் தன் ஓட்டத்தை விட்டுக் கட்டியாகிறது. கிரேக்கத்தின் ‘த்ரோம்போஸ்’ என்பதற்கும் கட்டி என்பதோடு பாலின் திரட்டு என்ற பொருளும் உண்டு. த்ரோம்போசிஸ் அதன் பிள்ளை. வங்காளத்தில் ரத்தம் ‘ஜொமாட்’ கட்டுகிறது என்பார்கள்; ‘ஜொமா’ என்ற அதே வினையைத்தான் தயிருக்கும் சொல்கிறார்கள். மண்சட்டியில் மிஷ்டி தோய் உறைந்து நிற்கும் ஊரில் இந்த உவமையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூன்று மொழிக்காரர்களும் தத்தம் சமையலறையில் நின்றுகொண்டு ஒரே காட்சியைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். த்ரோம்போசிஸ், எம்போலியா என்ற இரண்டுக்கும் இன்றைய மருத்துவப் பொருளை நிலைநிறுத்தியவர் ஜெர்மானியரான ருடால்ஃப் விர்க்கோ. காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் பயணம் போகிறது என்று 1840-களில் காட்டியவர் அவர். எம்போலஸ் என்றால் கிரேக்கத்தில் ஆப்பு, அடைப்பான்.

இடது காலில் இந்த உறைவு ஏன் அதிகம் வருகிறது என்பதையும் விர்க்கோ 1851-இலேயே ஊகித்தார்: இடுப்பில் இடதுகாலின் பெருஞ்சிரையை வலதுகாலுக்குப் போகும் தமனி குறுக்கே ஏறி அழுத்துகிறது. 1957-இல் மே, தர்னர் என்ற இருவர் 430 உடல்களைப் பார்த்து, 22 சதவீதத்தில் அந்த இடத்தில் சிரைக்குள் தழும்பு இருப்பதை எழுதினார்கள். அந்த நிலைக்கு வைத்த பெயர் அவர்கள் இருவருக்கும் போய்விட்டது.

காலின் மேற்சிரைகளிலும் பெயர்க்குழப்பம் உண்டு, ஆனால் உயிர்போகாத குழப்பம். கணுக்காலிலிருந்து கவட்டை வரை ஏறும் நீண்ட மேற்சிரைக்கு ‘ஸஃபீனஸ்’ என்று பெயர். கிரேக்கத்தில் ‘ஸஃபேனெஸ்’ என்றால் தெளிவாகத் தெரிவது. அதிலிருந்து வந்தது என்பார்கள் சிலர். இப்னு சீனா முதலிய அரபு மருத்துவர்கள் வழங்கிய ‘ஸாஃபின்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, அதற்கு மறைந்திருப்பது என்று பொருள் என்பார்கள் வேறு சிலர். ஒரே பெயருக்கு நேரெதிரான இரண்டு பிறப்புக்கதைகள். அந்தச் சிரையும் கணுக்காலில் பளிச்சென்று தெரிகிறது, தொடையில் இரண்டு உறைகளுக்கு நடுவே ஒளிந்துகொள்கிறது. ஸ்கேன் திரையில் அந்த இடம் எகிப்தியச் சித்திரத்துக் கண்ணைப்போல் இருக்கும். ஸஃபீனஸ் என்றே பெயர்கொண்ட நெட்டைச் சிரைக்கும் குட்டைச் சிரைக்கும் ஆங்கிலச் சுருக்கம் ஒன்றாகவே வந்து குழப்பியதால், ரோமில் அவற்றுக்கும் பெரியது, சிறியது என்று பெயர் மாற்றினார்கள்.

இப்போது நம் பேச்சில் சிரை எங்கே என்று பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் தமனி, சிரை, நரம்பு என்று மூன்றையும் பிரித்துப் படிக்கிறோம். வாசலுக்கு வெளியே வந்ததும் எல்லாம் நரம்புதான். கையில் நரம்பு தேடி ஊசி போட்டார்கள் என்கிறோம், அது சிரை. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது என்கிறோம், அதுவும் சிரை. இலையிலோ பாடப்புத்தகமே நரம்பமைவு என்று எழுதுகிறது. நரம்பு என்பதன் மூத்த பொருள்களில் ஒன்று யாழின் தந்தி. மலையாளத்தில் ஞரம்பு, கன்னடத்தில் நர, தெலுங்கில் நரமு. இழுத்துக் கட்டிய இழைபோல் உடம்பில் எது தென்பட்டாலும் அது நரம்பு. கிரேக்கத்தின் ‘நியூரோன்’ என்பதும் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்த சொல். பிறகுதான் உணர்வு கடத்தும் நரம்பைக் குறித்தது. சிரையும் தமனியும் வடமொழியிலிருந்து வந்தவை. ஓடுவதால் சிரை, ஊதுவதால் தமனி என்று ஆயுர்வேத நூல்கள் பிறப்பு சொல்கின்றன. தமனிக்குள் காற்று ஓடுகிறது என்று நினைத்தவர்கள் கிரேக்கத்திலும் இருந்தார்கள். மூச்சுக்குழாய்க்கு அவர்கள் சொன்ன ‘ஆர்ட்டீரியா’தான் தமனிக்கும் ஆனது.

பெஹாலா என்ற ஊர்ப்பெயரும் இந்த இழையில் வந்து சேர்வதை நான் பெரிய மகிழ்ச்சியோடு கவனித்தேன். வங்காளத்தில் பெஹாலா என்றால் வயலின். போர்த்துக்கீசியரின் ‘வியோலா’ அப்படித் திரிந்தது. சாவி, ஜன்னல், அலமாரி என்று நம் வீட்டுக்குள் வந்துவிட்ட போர்த்துக்கீசியச் சொற்கள் வங்காள வீடுகளிலும் சாபி, ஜானாலா, ஆல்மாரி என்று குடியிருக்கின்றன. வயலின் மட்டும் அங்கே பெஹாலா, நம்மிடம் பிடில். ஊருக்கும் வாத்தியத்துக்கும் எழுத்து ஒன்றே என்றாலும், பாம்பு தீண்டிய கணவனின் உடலோடு வாழைத்தெப்பத்தில் மிதந்துபோன பெஹுலாவின் பெயரோடு ஊர்ப்பெயரை இணைத்துச் சொல்வதே இங்கே வழக்கம். தமிழில் வயலினை எந்த வகையில் வைப்போம்? தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி. பெஹாலா ஒரு நரம்புக்கருவி.

உடம்பின் பெயர்களை நம் மொழிகளில் எழுதிவைக்க முயன்றவர்கள் இந்த நகரத்திலும் இருந்தார்கள். 1835-இல் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மறு ஆண்டே மனித உடலை அறுத்துப் படித்த மதுசூதன் குப்தா, ஹூப்பரின் உடற்கூற்று நூலை வடமொழியில் ஆக்கியவர். தமிழுக்கு அந்த வேலையைச் செய்தவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, தமிழில் பாடநூல்கள் வெளியிட்டார். 1872-இல் வந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ அவற்றில் ஒன்று. ஒவ்வொரு எலும்புக்கும் குழாய்க்கும் தமிழில் என்ன பெயர் என்று உட்கார்ந்து யோசித்தவர்கள் நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே நம்மிடம் இருந்தார்கள். அந்த அக்கறை இன்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஒரு ஸ்கேன் தாளுக்கும் தேவைப்படுகிறது.

ஆழ்சிரை உறைவு என்ற பெயர் தமிழில் இருக்கிறது. நாளிதழ்கள் எப்போதாவது எழுதுகின்றன. அதை வீட்டில் புழங்கும் சொல்லாக்க வேண்டும். கன்றலுக்கு ரத்தக்கட்டு போதும். சிரைக்குள் நேர்வதற்கு உறைவு என்று சொல்லிப் பழகுவோம். ஒரு பக்கக் கால் மட்டும் வீங்கி, இறுகி, வலித்தால், அதுவும் நீண்ட நாள் படுக்கை, அறுவை சிகிச்சை, பிரசவம், நெடும்பயணம் இவற்றுக்குப் பிறகு என்றால், யாரையும் நீவ விடாதீர்கள்.

ஸ்கேன் மையங்களில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். உங்கள் கணினியில் இருக்கும் அறிக்கைப் படிவத்தை இன்றே திறந்து, ‘ஃபெமரல்’ என்பதற்கு முன்னால் நிற்கும் அந்த ‘சூப்பர்ஃபிஷியல்’ என்ற சொல்லை அழித்துவிடுங்கள். பக்கத்திலேயே ‘ஒன்றா, இரண்டா’ என்று ஒரு கட்டம் சேருங்கள். அந்தச் சொல் அழியும்வரை, அது எழுதிய அறிக்கை கைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: அந்தச் சிரை ஆழ்சிரை. அதில் உறைவு என்று எழுதியிருந்தால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.